அந்தப் பத்திரிகையும் இந்தப் பத்திரிகையும்

எங்கள் அச்சகத்துக்கு வருகிறவர்கள் படியேறும்போதே "பத்திரிகை அடிக்கணும்" என்பார்கள். எந்தப் பத்திரிகை என்று சொல்ல மாட்டார்கள். கையில் மஞ்சள் தடவிய தாளும் முகத்தில் கடன் கவலையும் இருந்தால் அது கல்யாணப் பத்திரிகை. கையில் ஒன்றுமில்லாமல் முகத்தில் கோபம் மட்டும் இருந்தால், அவர் என் பத்திரிகையைத் தேடி வந்தவர். முதலாமவருக்கு நாற்காலி போடுவேன். இரண்டாமவருக்கு முதலில் தண்ணீர், அப்புறம் நாற்காலி.

தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பத்திரிகைதான் இந்தப் பத்திரிகைக்குச் சோறு போடுகிறது. யாராவது மேடையில் என்னைச் 'சுதந்திரமான பத்திரிகையாளர்' என்று சொன்னால், அந்தச் சுதந்திரத்துக்கு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

திருவண்ணாமலைத் தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அப்பாவின் அச்சகம் இருந்தது. ஒரு ட்ரெடில் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், சுவரோரம் சாய்வாக அடுக்கிய எழுத்துக் கேஸ்கள். எனக்குக் கை எட்டாது; மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்று எழுத்துப் பொறுக்கினேன். கம்பாசிட்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். இடது கையில் ஸ்டிக், வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் பறந்துகொண்டிருக்கும். கண் மூலப்பிரதியில் இருக்குமே தவிரக் கேஸைப் பார்க்காது. "பாப்பா, எழுத்தைப் பாத்து எடுத்தா வேலை ஆவாது. எந்தக் கட்டத்துல எது கெடக்குதுன்னு விரலுக்குத் தெரியணும்" என்பார். எனக்கு நாற்பத்தைந்து வயதாகி, அவருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியாக இருந்தபோதும் நான் அவருக்குப் பாப்பாதான்.

1978ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய ணை, லை, ளை, னை எல்லாம் போய்ப் புது வடிவம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் மாறிவிட்டது. எங்கள் கேஸில் மாற நாலைந்து வருஷம் ஆனது. புது எழுத்து வாங்கக் காசு வேண்டாமா? அதுவரை ஒரே துண்டு நோட்டீசில் பழைய லையும் புது லையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். யாரும் குறை சொன்னதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் பார்ப்பது பெயரை; லிபியை அல்ல.

பெயர் விஷயத்தை நான் கற்றது பத்திரிகையில் இல்லை, கூத்து நோட்டீசில். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. எந்த இரவு வில் வளைப்பு, எந்த இரவு துகில், எந்த இரவு கர்ண மோட்சம், என்றைக்குப் படுகளம், யார் யார் உபயம் என்று ஒரு முழ நீளத்துக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். அறுபது எழுபது பெயர் வரும். ஒரு முறை ஓர் உபயதாரர் பெயரை விட்டுவிட்டேன். மறுநாள் பத்துப் பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். "பணம் குடுத்தவன் பேரு இல்ல, குடுக்காதவன் பேரு கீது. இன்னா கணக்கு இது?" என்று ஒரு கிழவர் கேட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் திரும்ப ஃபாரம் மாட்டி, எங்கள் செலவில் ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். அச்சில் ஒரு பெயர் வருவது ஒரு மனிதனுக்கு என்ன என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. இதழியல் வகுப்பு எதற்கும் நான் போனதில்லை.

1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆற்காடு இரண்டானது. திருவண்ணாமலை தனி மாவட்டம். அப்போது அதற்குச் சம்புவராயர் பெயரும் சேர்ந்திருந்தது. அதுவரை எதற்கும் வேலூர் போக வேண்டும். செய்தியும் வேலூரிலிருந்துதான் வரும். கலெக்டர் ஆபீஸ் வந்தது. கூடவே மனுக் கொடுக்கிறவர்கள், மனு எழுதுகிறவர்கள், டீக்கடை, ஜெராக்ஸ் கடை எல்லாம் வந்தன. செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் ஜனங்கள் பஸ் பிடித்து வந்து, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய தினசரிகள் எங்கள் மாவட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கும். அதிலும் பாதி தீபம், பௌர்ணமி, பிரமுகர் வருகை. இந்த ஜனங்களுக்கு ஒரு தாள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. லட்சியம் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். மிஷின் வாரத்தில் இரண்டு நாள் சும்மா நின்றது என்பதும் ஒரு காரணம்.

அப்போதிருந்தது 1867ஆம் வருஷத்துச் சட்டம். பெயருக்கு முதலில் தில்லியில் அனுமதி வாங்க வேண்டும். நல்ல பெயரை எல்லாம் யாரோ எப்போதோ பதிவு செய்து வைத்திருந்தார்கள். நான் நான்காவதாக எழுதிய பெயர் கிடைத்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை, கட்டுரை விளம்பரமாகிவிடும். பெயர் வந்த பிறகு மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி. அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், எந்த அச்சகம், எந்த மொழி, எத்தனை நாளுக்கு ஒரு முறை. மாதமிருமுறை இதழ் என்றால் மூன்று மாதத்துக்குள் முதல் இதழ் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உறுதிமொழி செல்லாது.

இதற்காக ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒன்றில், விண்ணப்பத்தைப் புரட்டிய ஒருவர் கேட்டார்: "ஏம்மா, வீட்டுக்காரர் பேர்லயே போட்டுக்கலாமே?" என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். அரசு ஊழியர் அனுமதியில்லாமல் பத்திரிகை நடத்தக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. அதைச் சொன்னேன். வேறு வழியில்லாமல்தான் என் பெயரில் போடுகிறேன் என்று அவரே முடிவு செய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். நானும் மறுக்கவில்லை. என் கணவர் வியாபாரியாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதி இருந்திருக்குமா என்று பல நாள் யோசித்ததுண்டு. பெண்கள் பெயரில் உள்ள சொத்துகள் பல இப்படி ஏதோ ஒரு விதியின் ஓட்டை வழியாக வந்தவைதான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். வெளியிடுபவர் இன்னார், அச்சிட்டது இங்கே, ஆசிரியர் இன்னார். வாசகர் யாரும் அதைப் படிப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவர் மட்டும் அதைத்தான் முதலில் படிப்பார். முதல் இதழுக்கு அந்த வரியை நானே கோத்தேன். அச்சிடுபவர், வெளியிடுபவர், உரிமையாளர், ஆசிரியர் நான்கும் ஒரே பெயர். எழுத்தைத் தலைகீழாகத்தான் கோக்க வேண்டும் என்பதால் என் பெயரைத் தலைகீழாகவே நான்கு முறை படித்தேன். வருஷா வருஷம் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் படிவம் 4 என்று ஒரு அறிவிப்புப் போட வேண்டியிருந்தது. உரிமையாளர் யார், எந்த நாட்டவர், முகவரி என்ன என்று. பலருக்கு அது சடங்கு. எனக்குப் பட்டா மாதிரி.

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்தது வை.மு. கோதைநாயகி அம்மாளை. 1901ல் பிறந்தவர், ஆறு வயது நிறையுமுன் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார்; 1924ல் புத்தகமாக வந்தது. அடுத்த வருஷமே 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்றார். திருவல்லிக்கேணியிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். 115 நாவல் எழுதியவர் என்று எல்லோரும் வியப்பார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். சொந்தமாக அச்சகம் வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு முதல். அவர் நாவலை அவர் பத்திரிகையில் தொடராகப் போட்டு, பிறகு அதே எழுத்தில் புத்தகமும் ஆக்கினால் நடுவில் இன்னொருவருக்குக் கூலி இல்லை. கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி எதிர்ப்பு என்று இறங்கிச் சிறைக்கும் போனார். அப்போதும் பத்திரிகை நின்றுவிடவில்லை. யுத்த காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்து பெரிய இடங்களே திணறின. அதையும் தாண்டினார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாட்டைச் சொல்வார்கள், மேடைப் பேச்சைச் சொல்வார்கள். அந்த முப்பது வருஷக் கணக்கு நோட்டு எங்காவது கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.

எங்கள் ஊரிலும் பெண்கள் இதில் இறங்குவது புதிதில்லை. ரமணாசிரமத்தின் ஆங்கில இதழான 'மவுண்டன் பாத்' 1964ல் ஆர்தர் ஆஸ்போர்ன் தொடங்கியது. 1970ல் அவர் காலமான பிறகு அவர் மனைவி லூசியா ஆஸ்போர்ன் ஆசிரியராக இருந்து நடத்தினார். இன்றைக்கு வம்சி புக்ஸ் பதிப்பகத்தை நடத்தும் கே.வி. ஷைலஜா இந்த ஊரிலிருந்துதான் தமிழ்நாடு முழுக்கப் புத்தகம் அனுப்புகிறார். அவர்களுடைய வேலை நிற்கும் வேலை. புத்தக அலமாரியில் நிற்கும். என் வேலை பதினைந்து நாளில் பொட்டலம் கட்டப் போய்விடும். அதில் எனக்கு வருத்தமில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கிறவர்கள்தான் உண்மையான வாசகர்கள்.

கணக்குக்கு வருகிறேன். முதல் இதழின் விலை ஒரு ரூபாய். கடைக்காரருக்குக் கமிஷன் முப்பது காசு. காகிதமும் மையும் எண்பது காசு. ஆகப் பிரதிக்குப் பத்துக் காசு நஷ்டம், கூலி தனி. விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும் ஒரே வியாபாரம் இதுதான் என்று அப்பா சொன்னார். விளம்பரம்தான் ஈடுகட்ட வேண்டும். ஊர் விளம்பரம் என்றால் கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு விழா, நகைக்கடை, ஏல அறிவிப்பு. இதில் கண்ணீர் அஞ்சலிக்காரர் ஒருவரே உடனே காசு கொடுப்பார். மற்றவர்களிடம் நாலு நடை நடக்க வேண்டும்.

நான் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் தனித்தனி நோட்டு. கல்யாணப் பத்திரிகையில் வரும் லாபத்தில் மாதத்துக்கு இவ்வளவு என்று பத்திரிகை நோட்டுக்குக் கடன். அந்தக் கடனை எழுதாமல் ஒரு மாதமும் விட்டதில்லை. சில வருஷம் அடைந்தது. பல வருஷம் அடையவில்லை. ஆனால் என் பத்திரிகை யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும்: எனக்குத்தான். ஒரு சமயம் புதிதாகப் போட்ட ஒரு சாலை ஒரே மழையில் பெயர்ந்தது, படத்தோடு போட்டோம். பின்பக்க முழு விளம்பரத்தை மூன்று வருஷமாகக் கொடுத்துவந்த ஒருவர் அடுத்த இதழிலிருந்து நிறுத்தினார். சாலைக்கும் அவருக்கும் என்ன உறவு என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அது வைகாசி மாதம். பதினெட்டுக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் கையில் இருந்தது. பின்பக்கத்தில் பஸ் நேர அட்டவணை போட்டேன். அது மார்கழியில் நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதைச் சத்தியமாகச் சொல்ல முடியாது.

பிழை பற்றிச் சொல்லாமல் அச்சு வேலையைப் பற்றிச் சொன்னதாகாது. அச்சடித்து முடிந்த பிறகு எழுத்தைக் கழுவி, பிரித்து, அதனதன் கட்டத்தில் திரும்பப் போட வேண்டும். அலுப்பான வேலை, புதுப் பையன்களிடம் விடுவோம். அப்படி ஒரு பையன் ஒரு பிடி 'ள'வைக் 'க' கட்டத்தில் கொட்டிவிட்டான். கம்பாசிட்டர் அண்ணனின் விரல் வழக்கம்போல 'க' கட்டத்துக்குப் போனது. அந்த இதழின் முதல் பக்கச் செய்தி: ஒரு கட்சித் தலைவர் காந்தி சிலை அருகே பேசினார், "கட்சியின் கொள்கைகளை விரிவாக விளக்கினார்." அச்சில் வந்தது: "கட்சியின் கொள்ளைகளை விரிவாக விளக்கினார்."

புரூஃப் பார்த்தது நான். ராத்திரி பதினொரு மணி, கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது; மூளை எதை எதிர்பார்த்ததோ கண் அதைப் படித்துவிட்டது. காலை எட்டு மணிக்குள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு பிரதி இல்லை. எதிர்க் கட்சிக்காரர்கள் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். பத்து மணிக்குத் தலைவரின் ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். கேஸைக் காட்டினேன், 'க' கட்டத்திலிருந்து ஒரு பிடி அள்ளி மேசையில் கொட்டினேன். பாதி 'ள'. அவர்களில் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். "எழுத்துக்கே தெரிஞ்சு போச்சுப்பா" என்றார். அடுத்த இதழில் அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட்டேன். உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் திருத்தம் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. தப்புச் செய்த இடத்தில்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். அந்தத் தலைவர் கடைசிவரை சந்தாதாரராக இருந்தார்.

சந்தாப் பிரதிகளுக்குத் தபால்தான் கைகொடுத்தது. பதிவு பெற்ற செய்தித்தாள் என்றால் 50 கிராமுக்குள் ஒரு பிரதிக்கு 25 காசுதான் தபால் கட்டணமாக இருந்தது. ஒரு வெற்றிலைப் பாக்குக் காசில் ஜமுனாமரத்தூர் வரைக்கும் போகும். குறித்த தேதியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள் ராத்திரி வீடு முழுக்க உட்கார்ந்து மடிப்போம். அம்மா பசை தடவுவாள், பிள்ளைகள் முகவரிச் சீட்டு ஒட்டுவார்கள், வீட்டுக்காரர் ஊர்வாரியாகக் கட்டுவார்: செங்கம், ஆரணி, வந்தவாசி, செய்யாறு, தண்டராம்பட்டு. உறுதிமொழியில் கையெழுத்துப் போடக் கூடாதவர் சணல் கயிறு கட்டலாம். அதை நடத்தை விதி தடுக்கவில்லை.

திரும்பி வரும் பிரதிகளும் உண்டு. மேலே தபால்காரர் எழுதியிருப்பார்: 'வீடு மாறிவிட்டார்', 'விலாசதாரர் இல்லை', 'வாங்க மறுக்கிறார்', 'காலமானார்'. இந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்ததும் முகவரி நோட்டை எடுத்துப் பெயரை அடிப்பேன். அடிப்பதற்கு முன் அந்த ஊர் முகவருக்கு ஒரு கார்டு போட்டு விசாரிப்பேன். தபால்காரர் கையெழுத்தும் தப்பாகலாம் அல்லவா? ஒரு முறை அப்படித்தான். காலமானதாகத் திரும்பிய கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர் பிறகு ஒரு நாள் நேரில் வந்தார். "செத்ததுக்கு ரெண்டு இஷ்யூ நிறுத்திட்டியே, அதைக் குடு" என்று கேட்டு வாங்கிப் போனார்.

தீபத்துக்கு ஒரு சிறப்பிதழ் போடுவோம். கார்த்திகைத் தீபச் செய்தி எழுதுவது சுலபம் என்பார்கள்: காலை நாலு மணிக்குப் பரணி தீபம், மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையில் மகாதீபம், 3,500 கிலோ நெய், போன வருஷத்ததை எடுத்துத் தேதியை மாற்றினால் முடிந்தது. நான் அந்த வேலைக்கே போகவில்லை. தீபத்தைப் பற்றி ஊருக்கு வருகிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? எந்தச் சாலையில் வருகிற பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து எத்தனை தூரம் நடக்க வேண்டும், குடிதண்ணீர் எங்கே, பிள்ளை தொலைந்தால் எங்கே போவது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று நான்கு பக்கமும் இதுதான். வேட்டவலம் சாலை, அவலூர்பேட்டை சாலை, மணலூர்பேட்டை சாலை, செங்கம் சாலை, எல்லாவற்றையும் நானே சைக்கிளில் போய்ப் பார்த்து எழுதுவேன். வருஷத்தில் நஷ்டமில்லாமல் விற்ற ஒரே இதழ் அது. பக்தி இலக்கியம் போட்டிருந்தால் இத்தனை விற்றிருக்காது.

தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் மாதா மாதம் பெருகியது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் அன்னதானம், இலைக் குப்பை. அதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதினேன்: போடுகிறவர் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், இலையை யார் எடுப்பது? எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த மாதப் பௌர்ணமிக்கு நானும் சுற்றினேன். அடி அண்ணாமலை தாண்டிக் கால் வலித்து நின்றபோது, பாதையோரம் குடும்பமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "வாம்மா, உக்காரு. கீழ பேப்பர் போட்டுக்கீறேன், சுத்தமாத்தான் கீது" என்றாள். குனிந்து பார்த்தால் என் தலையங்கம். அதன்மேல் அன்னதானப் புளியோதரை. உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தொன்னை கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தொன்னையைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தத் தலையங்கத்தை மதித்து நடந்த ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஊர் ஒரே பக்கம் நிற்கும்போது பத்திரிகை நடத்துவது கஷ்டம். 2002ல் அருணாசலேசுவரர் கோயிலைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுக்கும் அறிவிப்பு வந்தது. ஊர் கொதித்தது, கடையடைப்பு, ஊர்வலம். பூசையும் விழாவும் என்னாகும் என்ற பயம் நியாயமானது. பழைய கல்லில் மணல் பீய்ச்சி அடிப்பதையும் பெயிண்டு பூசுவதையும் தடுக்க ஒருவர் வேண்டாமா என்று கேட்டுச் சிலர் கடிதம் எழுதினார்கள். அதுவும் நியாயம்தான். இரண்டு தரப்பையும் போட்டேன். நாற்பது சந்தா நின்றது. 2004ல் அந்த முடிவு கைவிடப்பட்டது. நின்ற நாற்பதில் பாதி திரும்பி வந்தது. திரும்பி வராத பாதி வேறு தாளுக்குப் போனதாகத் தெரியவில்லை. அவர்கள் சந்தோஷமாகக் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

நடுவில் ஈயம் போனது. 1996ல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, ட்ரேஸ் எடுத்து, ஆஃப்செட்டில் அடித்தோம். எழுத்தையெல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டோம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கண் கலங்குவார்கள். நானும் அப்படி ஒன்று எழுதி, கம்பாசிட்டர் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "நல்லாத்தான் கீது பாப்பா. அப்பால என் மூணு மாசச் சம்பள பாக்கியும் அதுல எழுதிடு" என்றார். எடைக்குப் போட்ட காசில் முதலில் அவர் பாக்கியைத் தீர்த்தேன். கட்டுரையைக் கிழித்துவிட்டேன். அவர் ஐம்பத்தெட்டாவது வயதில் கீபோர்டு கற்றுக்கொண்டார். இதிலும் பார்க்காமல்தான் அடித்தார்.

செல்போன் வந்து வாசகரைக் கொண்டுபோனது என்று சொல்வது பாதிதான் சரி. அது முதலில் கொண்டுபோனது கல்யாணப் பத்திரிகையை. ஐந்நூறு அடித்தவர்கள் நூறு அடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம். இது என் பத்திரிகையின் வயிற்றிலேயே அடித்தது. 2020ல் கொரோனா வந்து, கல்யாணமும் நின்று தபாலும் நின்று, தாளைத் தொடவே ஜனங்கள் பயந்தபோது ஏழு மாதம் இதழ் வரவில்லை. அதற்குப் பிறகு மாத இதழாக்கினேன். நான்கே பக்கம்.

ஆனாலும் எதற்கு நடத்துகிறாய் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரம் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. அன்று ராத்திரியெல்லாம் என் செல்போனில் எண்ணிக்கை ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. உயிரோடிருந்தவர் படத்துக்குக்கூட மாலை போட்டு அனுப்பினார்கள். ஏழு பேர் உடலையும் எடுத்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அதில் ஐந்து பிள்ளைகள். பத்து நாள் கழித்து வந்த தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. நாங்கள் மாதக் கடைசியில்தான் வெளியிட்டோம். ஏழு பெயர், ஏழு வயது, எழுத்துப் பிழையில்லாமல். படம் போடவில்லை. மலைச்சரிவில் பட்டா எப்படி ஏறியது என்று அதற்குக் கீழே பக்கம் முழுக்க எழுதினோம். அந்த இதழ் 600 பிரதி போனது.

2024 மார்ச் 1 முதல் பத்திரிகைப் பதிவுக்குப் புதுச் சட்டம். மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டாம், எல்லாம் ஆன்லைன். வீட்டுக்காரர் பெயரில் போடலாமே என்று கேட்க எதிரில் யாரும் இல்லை. என் மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து விவரங்களை ஏற்றினாள். அச்சிடும் அச்சகம் இப்போது வெளியூரில். அந்த ஒரு கட்டத்தைத் தவிர மற்றதிலெல்லாம் பழைய பெயர்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1992 புரட்டாசியிலிருந்து 1993 தை வரை எட்டு இதழ்களைக் கரையான் தின்றுவிட்டது. கொள்கை கொள்ளையான இதழும் அதில் போனது. கோட்டையூர் ரோஜா முத்தையா எடைக்குப் போன தாளையெல்லாம் வாங்கிச் சேர்த்ததால்தான் சென்னையில் இன்று அப்படி ஒரு நூலகம் இருக்கிறது. எங்களுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாளாக, அந்த எட்டில் ஒன்று இருக்கலாம். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே பெயர் நான்கு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேரடிப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள். எண்ணெய்க் கறை இருந்தாலும் பரவாயில்லை. விலை ஒரு ரூபாய்தான் போட்டிருக்கும். நான் நூறு தருகிறேன்.